கை வைக்கும் இடம்

ஜன்னலுக்கு நேர் கீழே யாராவது அடுப்பை வைப்பார்களா? காற்று அடித்தால் தீ எப்படி நிற்கும்? இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை?

கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டுச் சமையலறை வாசலில் நின்றபோது எனக்குள் ஓடியது இவ்வளவுதான். வெளியே சொல்லவில்லை. "நல்ல காத்தோட்டமா இருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. சொன்னால் கேட்கும் வீடு இல்லை இது.

சமையலறை வரைவது என் தொழில். பெரிய கடை ஒன்றில் உட்கார்ந்து, வருகிறவர்களின் வீட்டு அளவை வாங்கி, அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, பிரிட்ஜ் எங்கே என்று படம் போட்டுக் கொடுக்கிறேன். இந்த வேலையில் இருப்பவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. முட்டை அவிக்கத் தெரியாதவர்கள் கேக் சுடும் அடுப்பு வேண்டும் என்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போகவேண்டிய அறையில், நடுவே ஒரு மேடை வேண்டும் என்பார்கள். ஏதோ சினிமாவில் பார்த்திருப்பார்கள். மனைவி பேச ஆரம்பித்ததும் கணவன் போனை எடுப்பான். விலையைச் சொன்னதும் கீழே வைப்பான். எல்லோருக்கும் தலையாட்டுவேன். பிறகு எனக்குச் சரியென்று பட்டதை வரைந்து, அவர்களே கேட்டதுபோல அவர்களிடம் காட்டுவேன். மகிழ்ந்து போவார்கள்.

உண்மையில் விதி ஒன்றுதான். பிரிட்ஜிலிருந்து எடுக்கிறோம், சிங்க்கில் கழுவுகிறோம், அடுப்பில் வைக்கிறோம். இந்த மூன்றுக்கும் நடுவே கால் வீணாக அலையக் கூடாது. சிங்க் ஜன்னலடியில் இருந்தால் பாத்திரத்தில் வெளிச்சம் விழும். அடுப்பு ஜன்னலைவிட்டுத் தள்ளி, மேலே புகைபோக்கியோடு இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

என் நாத்தனாருக்குப் புரியாது. என் கணவரின் அக்கா. மாமியார் இல்லாத வீடு, நிம்மதி என்று சொல்லித்தான் என்னை இங்கே கொடுத்தார்கள். நாத்தனார் இருப்பதை யாரும் ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே அவளை அக்கா என்பேன், வாங்க போங்க என்பேன். மனசுக்குள் அவள்தான். இங்கே மனசுக்குள் இருப்பதைச் சொல்கிறேன் என்பதால் அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இளம் வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை ஆளாக்கியவள். அதை ஒருவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறவளும் அவளே. தம்பி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், அவர் சின்ன வயதில் எத்தனை நோஞ்சானாக இருந்தார் என்பது ஒரு தொட்டுக்கொள்ளும் பண்டம்போலத் தினமும் தட்டுக்கு வரும். என் கணவர் அதையும் மென்று விழுங்கிவிட்டு எழுந்திருப்பார்.

சமையலறை அவள் ராஜ்யம். ஒரு கரண்டியை இடம் மாற்றினால் வீடே இரண்டாகும். காலையில் உள்ளே வந்ததும் நேரே போய், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே இருந்த வெற்றுக் கல்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து ஒரு கணம் நிற்பாள். அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். பல வருஷம் அப்படி அழுத்தியதில் அந்த வெள்ளைக் கல்லில் இரண்டு இடங்களில் மெருகு போய் மங்கியிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று என் கணவர் நினைத்திருந்தார். கூடவே வளர்ந்தவர்.

அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்குச் சில மாதங்களிலேயே பிடிபட்டுவிட்டது.

முழு இருட்டு இல்லை. வெளுப்பும் கறுப்பும் தெரியும், ஆள் அசைவது தெரியும். அதற்குமேல் இல்லை. கோப்பையில் டீ ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்திருப்பாள், சூடு விரலைத் தொட்டதும் நிறுத்துவாள். சர்க்கரை டப்பாவுக்கு மட்டும் ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்பாள். கல்மேல் கை வைத்து நிற்பது சாமிக்கு இல்லை. கப்பல்காரன் கரையைப் பார்த்துக்கொள்வதுபோல, தான் எங்கே நிற்கிறோம் என்று அங்கிருந்து நிதானித்துக்கொள்கிறாள். இடது கையை நீட்டினால் அடுப்பு. வலது கையை நீட்டினால் குழாய். மற்றதெல்லாம் அங்கிருந்து கணக்கு.

ஒருநாள் உப்பு டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தேன். சரிபார்க்கத்தான். அவள் கை வெறுங்காற்றைப் பிடித்தது. பிறகு மேடையோடு மெல்லத் தடவிக்கொண்டே போய் டப்பாவைக் கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் அவள் முகத்தில், கூட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் பார்வை இருந்தது. டப்பா கையில் வந்ததும் அது போய்விட்டது.

"யாரு இத நகத்துனது?" என்று ஹாலைப் பார்த்துக் கத்தினாள். "இந்த வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

அந்தத் துணிச்சலை நான் ரசித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கரண்டி கைமாறும். ஹாலில் ஒரு நாற்காலி போடுவோம். வேளைக்குத் தட்டு போகும். இந்த வீட்டில் இருக்க அவளிடம் இருந்த ஒரே காரணம் அந்த அறைதான். நான் கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுவார். டாக்டர் டாக்டராகக் கூட்டிப்போவார். அக்கா இன்னும் ஒரு படி உயரத்தில் போய் உட்காருவாள். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு விஷயம்தான். அதை ஏன் பொதுவில் வைக்க வேண்டும்?

ஒரு மாலை எதிர்வீட்டுக்காரி வந்திருந்தாள். என் வேலையைப் பற்றி ஏதோ கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் அடுப்பு வரைவா எங்க தம்பி பொண்டாட்டி. வீட்ல அடுப்புப் பக்கம் போனா அடுப்புக்குத்தான் பயம்."

"போங்கக்கா, பாவம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி, சிரித்துக்கொண்டே.

"பாவம் யாரு? இவ காய்ச்சுன பாலக் குடிக்கிற என் தம்பிதான் பாவம். தீஞ்சது பாதி, பொங்குனது பாதி."

என் கணவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். முழுதாகச் சிரித்துவிட்டுப் போகிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனுஷி இல்லை நான். அன்று நாத்தனார் சாம்பல் நிறச் சால்வை போர்த்தியிருந்தாள், எதிர்வீட்டுக்காரி கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள், என் கணவர் கையில் பிஸ்கட் இருந்தது என்பதெல்லாம் நினைவிருக்கிறதென்றால், அது கவனித்துப் பழகிய தொழில்.

பிறகு சிங்க்குக்கு அடியில் குழாய் அழுகியது. சுவர் ஊறி, அலமாரிப் பலகைகள் உப்பிப் பிளந்தன.

"உடைச்சுத்தான் ஆகணும்" என்றார் என் கணவர். "உடைக்கறதுதான் உடைக்கறோம், முழுசா புதுசாவே போட்டுடலாம். வீட்லயே ஆள வச்சுக்கிட்டு…"

"குழாய மட்டும் மாத்துனா போதும்" என்றாள் நாத்தனார்.

"எல்லாம் பழசாயிடுச்சுக்கா."

"நானும்தான் பழசாயிட்டேன். என்னையும் உடைச்சுட்டுப் புதுசா ஒண்ணு போடு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எது எங்க இருக்கோ அது அங்கயே இருக்கட்டும்டா. எனக்கு அது போதும்" என்றாள்.

அவள் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வழக்கமான முணுமுணுப்பு. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்தது.

படம் போட்டேன். சிங்க்கை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். பிரிட்ஜை வாசல் பக்கம் வைத்தேன். அடுப்பு நடுவில் வந்தது, அந்த வெற்றுக் கல் இருந்த இடத்தில். எங்கள் கடையில் யாரை வரையச் சொன்னாலும் இதைத்தான் வரைவார்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இது உண்மை என்பதுதான்.

படத்தை முதலில் அவளிடம் கொடுத்தேன். மரியாதைக்கு. தலைகீழாகக் கொடுத்தேன். அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள். காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "அடுப்பு பழைய எடத்துலதானே?"

"பாருங்கக்கா, படத்துலயே இருக்கே."

அவள் இன்னொரு தரம் காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தாள். "ஆமாமா, இருக்கு" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. படத்தில் இருந்தது. தெரியவில்லை, சொல்லு என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைவிட அவளுக்குத் தன் கௌரவம் பெரிதாக இருந்தது. மற்றவர்களின் கௌரவத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

வேலை முடியும்வரை அவளை அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். தூசு ஆகாது என்று சொன்னேன். பிளம்பர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஏம்மா, குழாய் இருக்கற எடத்துலயே விட்டா சுளுவா முடிஞ்சுடும். ஜன்னல் வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"வெளிச்சம்" என்றேன்.

"வெளிச்சத்துக்கு ஒரு பல்பு போட்டா ஆச்சு" என்று முணுமுணுத்தபடி தரையைக் கொத்தத் தொடங்கினான். நான் சிரித்துக்கொண்டேன். அவன் சொன்னதும் சரிதான்.

மேடைக்குக் கறுப்புக் கல் போட்டேன். கறை தெரியாது. அடுப்பு கண்ணாடி அடுப்பு. கல்லோடு கல்லாகப் படிந்துவிடும் கறுப்புக் கண்ணாடி. துடைப்பது சுலபம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாத்திரம் மட்டும்தான் சூடாகும். பாத்திரத்தை எடுத்துவிட்டால் கண்ணாடியில் பெரிய சூடு நிற்காது. இன்னொன்றில் வட்டம் வட்டமாகக் கண்ணாடியே கனன்று சூடாகும்; அணைத்த பிறகும் நேரம் பிடித்துத்தான் ஆறும். ஆறும்வரை ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும், தொடாதே என்று. நான் இரண்டாவது வகையை வாங்கினேன். எங்கள் வீட்டில் இருப்பவை அலுமினியப் பாத்திரங்கள். முதல் வகை அலுமினியத்துக்கு ஒத்துவராது. காரணம் கேட்ட கணவரிடம் இதைச் சொன்னேன். எவ்வளவு யோசிக்கிறாய் என்று பாராட்டினார். பாத்திரங்களை மாற்றுவது அடுப்பை வாங்குவதைவிட எளிது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பழையபடி கேஸ் அடுப்பே வைத்திருக்கலாம் என்பதும் தோன்றவில்லை. கேஸ் எரிந்தால் சத்தம் கேட்கும்.

வேலை முடிந்து நாத்தனார் திரும்பி வந்த மாலையில், என் கணவர் அவளை அப்படியே கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போகத் துடித்தார்.

"அசதியா இருக்குடா. காலைல பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. சின்னப் பையன் மார்க் அட்டையை நீட்டி, அம்மா வாங்கிப் பார்க்காததுபோல. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆள் யாரும் இல்லாதபோது தனியாகத் தடவிப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டில் முதலில் எழுந்திருப்பவள் அவள்.

அதனால் நான் அவளுக்கு முன்னால் எழுந்தேன்.

பாலை ஒரு வட்டத்திலும் டீத் தண்ணீரை இன்னொரு வட்டத்திலும் வைத்தேன். இரண்டுமே முன்வரிசை. கொதித்ததும் இறக்கிச் சிங்க் பக்கம் வைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று என் கணவர் பிறகு பலமுறை கேட்டார். அணைத்தேன். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். டீயை ஊற்றிக்கொண்டு, சமையலறை மூலையில் இருந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். நன்றாக வந்திருந்தது டீ. பால் தீயவும் இல்லை, பொங்கவும் இல்லை.

அவள் வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். விளக்கைப் போடவில்லை, அவளுக்கு எதற்கு? நான் இருப்பது தெரிந்ததா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. புதுப் பெயின்ட் வாசனைக்கு மூக்கைச் சுருக்கினாள். பிறகு எப்போதும்போல நேரே நடந்தாள். முழங்கைகளைச் சற்று மடக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தாள். பழகிய கல் அங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கைகளில் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேரம் இருந்தது. 'சூடு' என்று சொன்னால் போதும், அவ்வளவு சின்ன வார்த்தை. என் வாயில் டீ இருந்தது.

அவள் அலறவில்லை. இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்தான் கேட்டது. எப்போதும் எடையெல்லாம் சாய்த்து அழுத்துகிறவள், எடுக்கவும் ஒரு கணம் பிடித்தது. கைகளை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, மிக மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி எந்தப் பக்கம்?"

கத்தினால் தம்பி எழுந்துவிடுவார், தம்பி எழுந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அந்த நிலையிலும் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள்.

"கண்ணெதிர்லதான் இருக்கு அக்கா" என்றேன்.

அவள் வலது பக்கம் போனாள், பழைய குழாய் இருந்த பக்கம். அங்கே அலமாரிக் கதவில் முழங்கை இடித்தது. அந்தச் சத்தத்தில்தான் என் கணவர் எழுந்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்தவர்கள் கண்ணையும் பார்த்தார்கள். என் கணவர் நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். "ஏன்க்கா சொல்லல, ஏன்க்கா சொல்லல" என்று. அழுகைக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன்னையே குத்தம் சொல்லிக்காத, உனக்கு எப்படித் தெரியும்" என்றார். நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எதையும் பார்க்கத் தெரியாதவர்கள் இந்தக் குடும்பத்தில் ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதற்கு அர்த்தம் இல்லை. பழைய மேடையை உடைப்பதற்கு முன் அறையை அளந்தபோது, கல்லில் மங்கிப்போயிருந்த அந்த இரண்டு தடங்களுக்கும் நடுவே டேப்பை வைத்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து அவை எவ்வளவு உள்ளே இருக்கின்றன என்றும் பார்த்தேன். முன்வரிசை வட்டங்கள் அந்த அளவுக்கு அமைந்த அடுப்பு லேசில் கிடைக்கவில்லை. தேடித்தான் வாங்கினேன். வேலையில் நான் என்றைக்கும் அசட்டையாக இருந்ததில்லை.

இப்போது ஹாலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. வேளைக்குத் தட்டு போகிறது.

அவளுடைய கைக்கட்டெல்லாம் பிரித்தாகி, என் கணவர் பழையபடி ஆபீஸ் போகத் தொடங்கிய பிறகு, எனக்கு மட்டும் விடுமுறையான ஒரு பகலில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு நீ மேஜைலதானே உக்காந்திருந்த?"

"ஆமாக்கா."

"டீ வாசன வந்துச்சு. நீ கப்பக் கீழ வச்ச சத்தமும் கேட்டுச்சு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

நான் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்மா. என் கையப் பிடிச்சு ஒரே ஒரு தடவ, எது எது எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டிடு. அப்புறம் நான் பாத்துக்கறேன். உன் ஜோலிக்கே வர மாட்டேன். நீ வேலைக்குப் போயிருக்கற நேரம் மட்டும் நான் இங்க நின்னுக்கறேன். அந்த நாற்காலி என்னால முடியல."

கைகளை நீட்டினாள். உள்ளங்கைகளில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக, ரேகை இல்லாமல் பளபளத்தது. என்னை இதுவரை 'மா' போட்டு அவள் அழைத்ததில்லை.

தொட்டுக் காட்டப் பெரிய நேரம் ஆகாது. ஆனால் அவள் வாயை மூடிக்கொள்கிறாள் என்பதற்காகக் கையைப் பிடித்துக் காட்டினால், அவளால் பார்க்க முடியாது என்று எனக்கு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தெரிந்தே செய்தேன் என்று அவள் நினைக்க நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? நான் ஒரு நல்ல சமையலறையை வரைந்தேன். அதில் ஒரு பிழை காட்டட்டும் யாராவது.

என் கணவர் ஆசையாகப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்த அந்தப் படம் அப்படியேதான் இருந்தது.

"வேணாம்க்கா" என்றேன். "படத்துல எல்லாம் தெளிவாப் போட்டிருக்கேன். பாத்துக்குங்க."